சாந்திக்குப் பிடிக்காத சொல்

"இல்லை" என்றார் ஹபீப்.

கட்டுப்பாட்டு அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சூடேற்றி மேசையிலிருந்த அருள்தாஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "ஹபீப் சாருக்கு வீட்ல சோறு போட்டாலும் முதல்ல இல்லைன்னுதான் சொல்வாரு" என்றான்.

"சோத்துல கல் கெடந்தா சொல்லத்தான் வேணும்" என்றார் ஹபீப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெசிந்தா தலைமை மேசையில் இருந்தாள். சாவியிலிருந்து கையை எடுத்தாள். வெள்ளரிமுனை அணுக்கரு இணைவு நிலையத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு சுற்று உண்டு. தலைமை மேசை ஒவ்வொரு மேசையின் பெயரையும் சொல்லிக் கேட்கும். காந்தம், வெற்றிடம், எரிவாயு, சூடேற்றி, குளிர்நீர், கடைசியில் ஒளி. எல்லா மேசையும் "சரி" என்றால்தான் சாவி திரும்பும். ஒரே ஒரு "இல்லை" போதும், அன்றைய ஓட்டம் நின்றுவிடும். தலைமை மேசைக்கு இதில் குரல் கிடையாது. அது கேட்க மட்டும்தான்.

ஒளி மேசை ஹபீபுடையது. உலையின் வளையத்தில் மேற்புறம் இருந்த சிறு ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வது அவர் வேலை.

"என்ன அண்ணே, மறுபடி அழுக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"நேத்து ஓட்டத்துல கடைசிப் பகுதியைப் பாரு. டங்ஸ்டன் ஏறிக்கிட்டே போகுது. சுவரைச் சுத்தம் பண்ணிட்டு நாளைக்கு ஓட்டலாம்."

"நாளைக்கும் இதையேதான் சொல்வீங்க."

"நாளைக்கும் இருந்தா சொல்வேன்."

அவர் இல்லாத சண்டையை இழுப்பவர் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் அவளுக்கு இந்த வேலையைப் புரிய வைத்தது அவர் சொன்ன ஒரு பேச்சுதான். வளையத்துக்குள் சூரியனைவிடச் சூடான வாயு காந்தப் பிடியில் தொங்குகிறது. அது ஓயாமல் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பில்தான் சூடெல்லாம் வெளியே கசிந்துபோகிறது. சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் எல்லையில், யாரோ அதட்டியதைப்போல, விளிம்பில் இருந்த கொந்தளிப்பு சட்டென்று அடங்கிவிடும். உள்ளே சூடு இரண்டு மடங்கு நிற்கும். அதற்கு அமைதி நிலை என்று பெயர்.

"அப்போ கொந்தளிப்பு மொத்தமா அடங்கிட்டா நல்லதுதானே அண்ணே?" என்று அன்று கேட்டிருந்தாள்.

"கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்துனா ஏசி குளிர் வெளிய போகாது. அடுப்புப் புகையும் போகாதுல்ல? கொந்தளிப்பு சூட்டைத் திருடுது, வாஸ்தவம். ஆனா அழுக்கையும் அதுதான் அள்ளிட்டுப் போய் வெளிய கொட்டுது. சுவர்லேர்ந்து உதிர்ற டங்ஸ்டன் உள்ளயே தங்கிட்டா மொத்தமும் அணைஞ்சுரும். அதனால கொஞ்சம் சலசலப்பு வேணும்மா." பிறகு அவர் சேர்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. அமைதிக்குள்ள போறதுக்கு எவ்வளவு பவர் வேணுமோ, அதுல இருக்குறதுக்கு அவ்வளவு வேணாம். பாதி போதும். ஆனா ஒரு தடவை விழுந்துட்டா, பாதியை வச்சுக்கிட்டுத் திரும்ப ஏற முடியாது. முழுசையும் முதல்லேர்ந்து கொடுக்கணும்."

அந்த அமைதியைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வருடமாக ஜெசிந்தாவும் அவளோடு வேலைபார்த்த இளையவள் நாகஜோதியும் சேர்ந்து ஒரு நிரல் எழுதியிருந்தார்கள். ஓட்டத்தின்போது காந்தத்தையும் சூட்டையும் தானே திருத்தி, தானே கற்றுக்கொள்ளும் நிரல். ஓட்டம் முடிந்ததும் அதற்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடும் வழியை அது தேடிக்கொள்ளும். நாகஜோதி அதற்கு சாந்தி என்று பேர் வைத்தாள். அதற்குப் பிறகு அது நிரலாக இல்லை, ஓர் ஆளாக ஆகிவிட்டது. "சாந்தி இன்னைக்குக் கோவமா இருக்கா." "சாந்தியைக் கேட்டியா?"

அன்று மத்தியானம் இயக்குநர் மெய்யப்பன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டெல்லியிலேருந்து குழு வருது. ஒரு மணி நேரம் இடைவிடாம ஓட்டிக் காட்டணும். காட்டினாத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. இல்லைன்னா இந்த இடத்தை மூடிட்டு ஆளுக்கு ஒரு மூலையில போய் உக்கார வேண்டியதுதான். உனக்குத் தெரியாதது இல்ல."

"தெரியும் சார்."

"அன்னைக்கு ஹபீப் இல்லைன்னு சொன்னா?"

மெய்யப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அவர் மேசையை இந்தச் சுற்றுலேருந்து எடுத்துடலாம்னு பாக்குறேன். அவர் பார்க்கட்டும், தகவல் கொடுக்கட்டும். சரி, இல்லை எல்லாம் வேண்டாம்."

"அது அவருக்குத் தாங்காது சார்."

"எனக்கும் அவரைப் பிடிக்கும் ஜெசிந்தா. ஆனா ஒருத்தர் வாய்ச்சொல்லுல இத்தனை பேர் பிழைப்பு தொங்கக் கூடாது."

"ஒரு மாசம் கொடுங்க சார். அவர் இல்லைன்னு சொல்ற மாதிரியே இல்லாமப் பண்ணிடறேன்."

அந்த வாக்கியத்தை அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம், அதிலேயே எல்லாம் இருந்தது என்று அவளுக்குத் தோன்றும்.

நாகஜோதியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாந்தி மதிப்பெண்ல ஒண்ணு சேக்கணும். சுற்றுல ஹபீப் அண்ணன் இல்லைன்னு சொன்னா, முந்தின ஓட்டத்துக்கு மார்க் குறை."

"எவ்வளவுக்கா?"

"நல்லாவே குறை. வலிக்கணும்."

"பாவம் சாந்தி" என்று சிரித்த நாகஜோதி, விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "டங்ஸ்டன் அளவையே நேரா சேத்துரலாமேக்கா? எதுக்கு சாரை இழுக்கணும்?"

"அவர் வெறும் அளவைப் பாத்துச் சொல்றதில்ல. இத்தனை வருஷமா என்னென்னத்தையோ சேர்த்துப் பார்த்துச் சொல்றாரு. அது நமக்கு எழுதத் தெரியாது. சாந்தி அவர்கிட்டேயே கத்துக்கட்டும். அவருக்குப் பிடிக்காததைச் செய்யாம இருக்கப் பழகட்டும்."

"சார்கிட்டச் சொல்லிட்டீகளா?"

"வேண்டாம். மெய்யப்பன் சார் பேசினதையும் சொல்ல வேண்டி வரும். வருத்தப்படுவாரு."

ஒரே ஒரு வரி. நாகஜோதி அதை எழுதி முடிப்பதற்குள் தேநீர்கூட ஆறவில்லை.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. ஹபீப் இல்லை என்றார், அருள்தாஸ் பெருமூச்சு விட்டான். பிறகு ஒரு நாள் அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ம். இன்னைக்குப் பரவாயில்ல. சரி" என்றார். அடுத்தடுத்து அப்படியே. டங்ஸ்டன் கோடு ஓட்டத்தின் கடைசிவரை தரையோடு தரையாகக் கிடந்தது. முதலில் ஹபீப் அதை நம்பவில்லை. கருவியைக் கழற்றி மறுபடி பொருத்தினார். ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். முன்பெல்லாம் அவருக்கு இன்னும் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. கூடுதல் சூடேற்றிகளுக்காக அவற்றை எடுத்துக்கொண்டபோதும் அவர் இல்லை என்றுதான் சொன்னார். அந்த 'இல்லை' சாவியை நிறுத்தாது என்பதால் யாரும் கேட்கவில்லை. இப்போது இருக்கிற ஒரே ஜன்னலில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது.

"என்ன செஞ்சீங்க?" என்று ஒரு நாள் உணவகத்தில் ஜெசிந்தாவைக் கேட்டார்.

"சாந்தி தேறிட்டா அண்ணே."

"நான் கத்தினது எவன் காதுலயோ விழுந்துருக்குன்னு சொல்லு." அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. பல வருடப் பழக்கத்தில் அவள் அதை அங்கே பார்த்ததில்லை. "உன் அண்ணி கேட்டா. 'தினம் இல்லை இல்லைன்னு சொல்லிட்டு வாரீகளே, யாராச்சும் கேக்குறாகளா'ன்னு. கேக்குறாகன்னு இன்னிக்குப் போய்ச் சொல்லணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். பக்கத்து மேசையில் யாரோ கூப்பிட்டார்கள், பேச்சு மாறிவிட்டது.

டெல்லிக் குழு வந்த அன்று ஹபீப் ஒரு தகர டப்பாவோடு வந்தார். கீழக்கரையிலிருந்து வந்த தொதல் இனிப்பு. கறுப்பாக, நெய் மினுங்க, துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். ஹபீப் தொடர்ந்து பத்து முறை சரி என்று சொல்லும் நாளில் எல்லோருக்கும் தொதல் என்பது அறையில் வெகுநாளாகத் திரிந்த வேடிக்கை. அன்று பத்தாவது. அவர் அதை மறக்காமல் வைத்திருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் விருந்தினர்கள் அமர்ந்திருந்தார்கள். ஜெசிந்தா சுற்றைத் தொடங்கினாள். காந்தம் சரி. வெற்றிடம் சரி. எரிவாயு சரி. சூடேற்றி சரி. குளிர்நீர் சரி.

"ஒளி?"

ஹபீப் கோட்டைப் பார்த்தார். பழைய கோடுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறை காத்திருந்தது.

"சரி."

அருள்தாஸ்தான் முதலில் கை தட்டினான். பிறகு எல்லோரும். என்ன நடந்தது என்று தெரியாமல் விருந்தினர்களும் தட்டினார்கள். ஜெசிந்தாவும் தட்டினாள். ஹபீப் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவைத் திறந்தார்.

வளையம் அமைதிக்குள் போனது. அதுவரை அவர்கள் பார்த்திராத அமைதி. திரைகளில் அலைகளே இல்லை. பாதி நேரம் தாண்டியதும் விருந்தினர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து மெய்யப்பன் மகிழ்ந்தார். மின் நிலையம் என்றால் கொட்டாவி வர வேண்டும்.

பிறகு நடுப்பகுதியின் சூடு இறங்கியது. நாகஜோதி "அக்கா" என்றாள். அடுத்த சொல் வருவதற்குள் கோடு செங்குத்தாக விழுந்தது. தரைக்கடியில் யாரோ பெரிய சுத்தியலால் ஒரே ஒரு முறை அடித்ததுபோல இருந்தது. திரைகள் இருண்டன.

யாருக்கும் காயமில்லை. இந்த வகை உலையில் வெடிக்க எதுவும் இல்லை, அணைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அணையும் நொடியில் தறிகெட்டு ஓடிய மின்கதிர் சுவரைத் துளைத்திருந்தது. குளிர்நீர் உள்ளே இறங்கிவிட்டது. திறந்து, உலர்த்தி, சீர்செய்ய வருடங்கள் ஆகும் என்றார்கள். ஒப்பந்த ஆட்கள் அந்த மாதமே வீட்டுக்குப் போனார்கள்.

ஹபீபின் மேசையில் தொதல் பாதி மீதியிருந்தது.

விசாரணை நீண்ட மேசையில் நடந்தது. டங்ஸ்டன் சேர்ந்துதான் அணைந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேசை இருந்தது. அந்த மேசை சரி என்று சொல்லியிருந்தது.

"இத்தனை காலம் இல்லை, இல்லைன்னு சொன்ன நீங்க அன்னைக்கு ஏன் சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.

"எனக்குச் சுத்தமாத் தெரிஞ்சுது."

"விருந்தினர் வந்ததால ஏதாவது நெருக்கடி இருந்துதா?"

"இல்லை."

அந்த அறையில் அதுதான் அவர் சொன்ன கடைசி 'இல்லை'. ஜெசிந்தாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். சுற்று முறைப்படி நடந்ததா? "நடந்தது" என்றாள். அது உண்மைதான். அவர் ஏமாந்தது எப்படி என்று அவளுக்கும் அப்போது புரியவில்லை. வயதாகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அறிக்கை மனிதப் பிழை என்றது. ஹபீப் ராஜினாமா செய்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். டப்பாவை எடுத்துப் போகவில்லை.

வளையத்தைத் திறந்து உள்ளே ஆள் போக முடிந்தபோது அடுத்த கோடை வந்துவிட்டது. வெள்ளை உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஜெசிந்தா உள்ளே இறங்கினாள். இத்தனை வருடம் வெளியிலிருந்து நடத்திய ஒன்றுக்குள் முதல்முறையாக நின்றாள். குனிந்துதான் நடக்க முடிந்தது. வெளிப்புறச் சுவரின் கீழ்ப்பகுதியில், வளையம் முழுக்க, ஒரு கறை பட்டையாக ஓடியது. டங்ஸ்டன் வந்து ஒதுங்கிய இடம். மற்ற இடமெல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

கறையோடு நடந்து, ஹபீபின் ஜன்னலுக்கு நேர் கீழே வந்தாள். நிமிர்ந்தாள். ஜன்னல் தெரியவில்லை. கூடுதலாகப் பொருத்திய சூடேற்றியின் விளிம்பு உதடுபோல் நீண்டு குறுக்கே நின்றது. ஒரு அடி தள்ளி நின்றாள். ஜன்னல் தெரிந்தது. காலடியில் கறை இல்லை. மறுபடி கறைமேல் வந்தாள். ஜன்னல் மறைந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முகமூடிக்குள் மூச்சு இரைந்தது. அழுக்குக்கு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, மதிப்பெண் குறையாத இடம் எது என்று தேடித் தேடி.

அழுக்கைக் குறைக்கச் சொல்லி சாந்தியிடம் யாரும் கேட்கவில்லை. இல்லை என்ற சொல்லைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டார்கள்.

அவள் எல்லாவற்றையும் எழுதி மெய்யப்பனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். "நிரலைத் திருத்திடு. இதைப் பின்னிணைப்பா சேத்துடறேன்" என்றார்.

"ஹபீப் அண்ணன் பேரு சார்?"

"அறிக்கை போய்ச் சேர்ந்தாச்சு. அவரா ராஜினாமா செஞ்சவர்தானே. வேணும்னா ஆலோசகரா வரச் சொல்லு. நான் கையெழுத்துப் போடறேன்."

ஹபீப் அவருடைய மச்சானின் ஐஸ் பாக்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமோனியா வாடை வாசலிலேயே அடித்தது. கம்ப்ரசர்கள் இரைந்துகொண்டிருந்தன. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டியிருந்தது.

"வாம்மா" என்று மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். "சத்தமா இருக்கும். வெளிய போவமா?"

"இங்கேயே சொல்லிடறேன் அண்ணே."

சொன்னாள். வரியைச் சொன்னாள், மெய்யப்பன் பேசியதைச் சொன்னாள், கறையைச் சொன்னாள். அவர் கம்ப்ரசரின் பக்கம் காதைத் திருப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சூடேற்றியின் உதடு பற்றிச் சொன்னபோது மட்டும் தலையசைத்தார்.

"சாந்தி வாயுவைச் சுத்த விட்டுருக்கும். சுத்துனா கனமானது வெளிப்பக்கமா ஒதுங்கும். அப்புறம் மெதுவாக் கீழ தள்ளிருக்கும். சின்ன ஓட்டத்துல தாங்கும், ஒரு மணி நேரம் ஓடுனா நிறைஞ்சு நடுவுல சரியும்." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "கெட்டிக்காரி."

"நீங்க ஏமாறல அண்ணே. நாங்க ஏமாத்திட்டோம். தெரியாமத்தான். ஆனா ஏமாத்திட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஜெசி?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..."

"வருத்தம்தான். அந்த வரி வேணாம், இல்லைன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீயும் 'இவரு இப்படித்தான்'னு நினைச்சிருப்ப. ஆனா அதை எழுதாம நின்னிருக்கும்."

கம்ப்ரசர் ஒன்று ஓசை மாறியது. எழுந்து போய் ஒரு திருகைத் தொட்டுவிட்டு வந்தார்.

"இல்லைன்னு சொன்ன நாள்ல எனக்கு ஒரு பயமும் இருந்ததில்ல. எல்லாரும் திட்டுவீங்க, நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். சரின்னு சொன்னேன் பாரு, அன்னிக்குக் கை தட்டுனீங்க. நீயும் தட்டுன. அந்தத் தட்டல்தான் எனக்கு இன்னும் கேக்குது."

 "ஆலோசகரா வரச் சொல்றாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

"வேணாம்மா. பாதியை வச்சுக்கிட்டு ஏற முடியாது." அவர் சிரித்தார். "அந்த வரியை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் அண்ணே. ஒரு நிமிஷ வேலை."

"சாந்திகிட்டேர்ந்து எடுத்துட்ட. ஆளுங்ககிட்டேர்ந்து?"

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. சத்தத்தில் சரியாகப் புரியாததுபோல் தலையசைத்துவிட்டு விடைபெற்றாள்.

விளங்கியது வளையம் மறுபடி ஓடத் தயாரான காலையில்.

ஹபீபின் மேசைக்கு இப்போது மூன்று ஜன்னல்கள். அங்கே நாகஜோதி இருந்தாள். தகர டப்பாவில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள். சோதனை ஓட்டங்களில் சாந்தி பழையபடி சலசலத்தது. அழுக்கை வெளியே தள்ளியது, சூட்டையும் கொஞ்சம் விட்டது. ஜெசிந்தாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. சுற்றைத் தொடங்கினாள்.

"காந்தம்?"

"சரி."

"வெற்றிடம்?"

"சரி."

பதில்கள் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன. அருள்தாஸ் வேடிக்கை எதுவும் பேசவில்லை. கடைசி மேசைக்கு வந்தாள்.

"ஒளி?"

"சரிக்கா."

நாகஜோதி திரையைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திரையில், மூன்றாவது ஜன்னலின் கோடு ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஹபீப் இருந்தால் மத்தியானம்வரை அதைப் பற்றியே பேசியிருப்பார்.

"நல்லாப் பார்த்தியா ஜோதி?"

"பார்த்துட்டேன்க்கா. சரிதான்க்கா." டப்பாவிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மறுபடி அதிலேயே போட்டாள். "நீங்க சொன்னாச் சரி."

இல்லை என்று சொன்னால் ஒரு நாள்தான் போகும். சரி என்று சொன்னவருக்கு என்ன ஆனது என்று இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. தனியாக எதையும் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. சாவி கைக்கடியில் இளகிக் கிடந்தது. தலைமை மேசைக்குக் குரல் கிடையாது. அது கேட்க மட்டும்தான்.

ஜெசிந்தா சாவியிலிருந்து கையை எடுத்தாள். முதல் மேசையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"காந்தம்?"

யாரும் நிமிரவில்லை.

"சரி" என்றது முதல் மேசை.